பில்லில் எழுதுங்கள், கொப்பியில் வேண்டாம்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை கைத்தொலைபேசி, கணினிக் கடைக்காரர்களுக்கும் திருத்துநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பின் அண்ணாமாருக்கும் நானாமாருக்கும் பட்டறைத் தம்பிமாருக்கும்,

காலி வீதியில் சவோய் தியேட்டரிலிருந்து தெஹிவளை எல்லை வரைக்கும், அந்தப் பக்கம் ஜம்பட்டா வீதியிலும் ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தையிலும் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மடிக்கணினி விற்கிறவர்களும் வாசிக்கலாம். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நான் அலுவலகமொன்றில் கணினிகளின் சொத்துப் பதிவேட்டைப் பார்க்கிறவன். எந்த இயந்திரம் எந்த மேசையில் நிற்கிறது, யார் கையில் இருக்கிறது, எப்போது வாங்கியது என்று தொடரிலக்கத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே பொருளுக்கு இலக்கமே வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அந்த இலக்கம் யார் கையில் இருக்கவேண்டும், எதற்குப் பக்கத்தில் அதை எழுதக்கூடாது என்பதைத்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரியிலிருந்து உங்கள் கடைகளில் ஒரு புதுக் கேள்வி கேட்கிறது: "இது ரெஜிஸ்டர் பண்ணின போனா?" தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, அந்த மாதம் 28ஆம் திகதிக்குப் பிறகு ஐ.எம்.ஈ.ஐ. என்ற தனி அடையாள இலக்கத்தைத் தன்னிடம் பதியாத சிம் சாதனங்கள் நம் நாட்டு வலையமைப்புகளில் இணையமாட்டா என்று அறிவித்தது. அதற்கு முன்பே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. அன்றிலிருந்து கனடா மாமா கொண்டுவந்து கொடுத்த போனைக்கூட சனம் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. வாங்க முன் சரிபார்க்கிற வழி சுலபம். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, 15 எண்களையும் அடித்து 1909இற்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். இதை வாடிக்கையாளருக்கு முன்னாலேயே செய்து காட்டுகிற கடைகள் நம் பகுதியில் உண்டு. அவர்களுக்கு நன்றி.

பதில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பில்லைப் பாருங்கள். "சாம்சுங் - 1" என்றோ, "யூஸ்ட் போன் - 1, ஒரு மாத வொரன்ரி" என்றோ எழுதிக் கையெழுத்து வைத்திருக்கும். அந்தப் போன் நாளைக்கு 155ஆம் இலக்க பஸ்ஸில் தொலைந்தால் பொலிஸில் முதலில் கேட்பது ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தைத்தான். பொலிஸின் இணையத்தளத்தில் முறையிடப் போனாலும் அதே கேள்வி. *#06# என்று அழுத்திப் பார்க்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அழுத்துவதற்குப் போன் கையில் இருக்கவேண்டுமே. பெட்டி தீபாவளிக்கு வீடு கூட்டியபோது குப்பைக்குப் போயிருக்கும். பாவித்த போன் என்றால் பெட்டியே இருந்திருக்காது. அப்போது போனைத் தொலைத்த மனிசிக்கு மிஞ்சுவது உங்கள் பில் ஒன்றுதான். அதில் அந்த 15 எண்கள் இல்லாவிட்டால், பொருளுக்கு அடையாளம் இருந்தும் உரிமைக்காரிக்கு அடையாளம் இல்லை.

அந்த 15 எண்களில் முதல் எட்டும் எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி என்பதைக் காட்டும். உலகக் கைத்தொலைபேசி வலையமைப்பு நிறுவனங்களின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. அதைப் பகிர்ந்து கொடுக்கிறது. அடுத்த ஆறும் அந்த மாதிரிக்குள் அந்த ஒரு போனுக்கு உரியவை. கடைசி எண் ஒரு காவலாளி. ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்த ஹான்ஸ் பீற்றர் லூன் என்பவர் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு அது; வங்கிக் கடன் அட்டை இலக்கங்களிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. மேசையில் பென்சில் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பாடப் புத்தகங்களில் வருகிற ஒரு மாதிரி இலக்கத்தை எடுப்போம்: 490154203237518. கடைசி 8ஐ மூடிவிடுங்கள். இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று ஒன்றுவிட்ட எண்களை இரட்டியுங்கள். 9 என்பது 18 ஆகும், ஒன்றையும் எட்டையும் கூட்டினால் 9. 1 என்பது 2. 4 என்பது 8. 0 அப்படியே. 2 என்பது 4. 7 என்பது 14, கூட்டினால் 5. கடைசியாக வருகிற 1 என்பது 2. இவற்றின் கூட்டுத்தொகை 30. தொடாமல் விட்ட 4, 0, 5, 2, 3, 3, 5 ஆகியவை 22. மொத்தம் 52. அடுத்த முழுப் பத்தான 60ஐத் தொட எவ்வளவு வேண்டும்? எட்டு. மூடிவைத்த எண்ணும் எட்டு. பில் எழுதும்போது ஒரு எண்ணைப் பிழையாக எழுதினால் இந்தக் கணக்கு உதைக்கும். பெட்டியில் ஒட்டிய போலி ஸ்டிக்கரை அரைகுறையாக அடித்திருந்தாலும் பெரும்பாலும் உதைக்கும்.

கணக்கு சரிவந்துவிட்டால் போன் உண்மையானது என்று எடுத்துவிடவேண்டாம். உண்மையான ஒரு இலக்கத்தை அப்படியே பிரதி பண்ணி ஆயிரம் போன்களில் ஏற்றினால் ஆயிரத்திலும் கணக்கு சரிவரும். 2020இல் இந்தியாவின் மீரட் நகரப் பொலிஸார் ஒரே ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தில் 13,500இற்கு மேற்பட்ட போன்கள் இயங்குவதைக் கண்டுபிடித்தார்கள். திருத்தக் கொடுத்த ஒரு போனின் இலக்கம் மாறி வந்ததைத் துருவப்போய்த்தான் அது வெளியே வந்தது. ஆகையால் இணைய விளம்பரத்தில் போனைப் போடும்போது பெட்டியின் ஸ்டிக்கரைப் படமெடுத்துப் போடாதீர்கள், தம்பிமாரே. நல்ல இலக்கம் தேடித் திரிகிறவனுக்கு நீங்களே எடுத்துக் கொடுத்ததாகும்.

இலக்கத்தை மாற்றிக் கொடுக்கிற வேலையைப் பற்றி ஒரு வார்த்தையோடு விடுகிறேன், ஏனென்றால் செய்கிறவர்களுக்குத் தாங்கள் செய்வது என்னவென்று தெரியும். பிரித்தானியா 2002இலேயே இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து ஐந்து வருடம் வரை சிறை வைத்தது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்று வருடம் வரை சிறை, 50 இலட்சம் இந்திய ரூபா வரை அபராதம் என்கிறது. நம் தெருக்களில் இதைச் செய்கிறவர்கள் சிலர்தான். பெயர் கெடுவது எல்லாருக்கும்.

இனி மடிக்கணினிப் பக்கம். என் பதிவேட்டில் எனக்கு அதிகம் தலையிடி தந்தது விலை கூடிய இயந்திரங்கள் இல்லை. உள்ளூரில் பொருத்தி விற்ற மேசைக் கணினிகள்தான். வலையமைப்பில் இருக்கிற கணினிகளைத் தானாகவே எண்ணுகிற மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். வரிசையாக நின்ற கணினிகள் எல்லாம் சேர்ந்து திரையில் ஒரே கணினியாக வந்தன. தொடரிலக்கம் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "டு பி ஃபில்ட் பை ஓ.ஈ.எம்." கணினியைப் பொருத்துகிறவர் இங்கே நிரப்பவேண்டும் என்று மதர்போட் செய்த தொழிற்சாலை விட்டுப்போன வெற்றிடம் அது. பொருத்தியவர் நிரப்பவில்லை. பொருத்தியவர் என்றால், நீங்கள்தான். இரண்டு நிமிட வேலை. உங்கள் பில் இலக்கத்தையே அதில் ஏற்றிவிட்டாலும் போதும், அந்த இயந்திரம் வாழ்நாள் முழுக்கத் தன் பெயரைச் சொல்லும். ஸ்டிக்கர் அப்படி நிற்காது. உள்ளங்கை வியர்வையிலும் கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றிலும் எழுத்துகள் போய் வெள்ளைத் தாள் மிஞ்சும். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக வீடு உள்ளவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

டெல் மடிக்கணினிகளில் ஏழெழுத்து சேவிஸ் டாக் என்று ஒன்று இருக்கிறது. அது அடியில் ஒட்டியும் இருக்கும், உள்ளே பயோஸிலும் எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் பாவித்த இயந்திரத்தை வாங்கவேண்டும். வேறாக இருந்தால் பெரும்பாலும் மதர்போட் மாறியிருக்கிறது. மாறியது குற்றமில்லை, மாறியதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம். பில்லில் இரண்டு இலக்கத்தையும் எழுதி, "போட் மாற்றியது" என்று ஒரு வரி போட்டுக் கொடுத்த திருத்துநர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட வெளிநாட்டு மடிக்கணினிகளில் இன்னொரு வில்லங்கம். விண்டோஸைச் சுத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றியிருப்பீர்கள். வாங்கியவர் வீட்டுக்குப் போய் வைஃபையில் இணைத்ததும், "எங்கள் நிறுவனத்துக்கு நல்வரவு, உங்கள் அலுவலக மின்னஞ்சலைத் தருக" என்று கண்காணாத ஊர்க் கம்பனி ஒன்று திரையில் வந்து நிற்கும். மைக்ரோசொஃப்டின் ஓட்டோபைலட் ஏற்பாட்டில் அந்தக் கணினியின் வன்பொருள் இலக்கங்களைச் சேர்த்து ஒரு கைரேகை மாதிரி பதிந்துவைத்திருப்பார்கள். பழைய கம்பனி தன் பட்டியலிலிருந்து நீக்காதவரை ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் அது விடாது. ஐபோனில் பழைய உரிமையாளரின் கணக்குப் பூட்டு நிற்பதும் இதே சங்கதிதான். ஆகவே விற்க முன் ஒருமுறை இணையத்தில் இணைத்துப் பாருங்கள். வாங்கியவர் வந்து சண்டை பிடிக்கும்வரை பார்த்திருக்கவேண்டாம்.

இப்படி நிலையான இலக்கத்தால் நன்மை இவ்வளவு இருக்க, ஒரு காலத்தில் உலகம் அதை எதிர்த்துக் கிளம்பியது என்றால் இளம் தம்பிமார் நம்பமாட்டார்கள். 1999 ஜனவரியில் இன்டெல் நிறுவனம், வரப்போகும் பென்டியம் 3 சில்லு ஒவ்வொன்றுக்குள்ளும் 96 பிட் நீளமான தனித் தொடரிலக்கம் இருக்கும் என்று அறிவித்தது. இணைய வியாபாரத்தில் ஆளை உறுதிப்படுத்தலாம், கம்பனிகள் தங்கள் கணினிகளைக் கணக்கு வைக்கலாம் என்று காரணம் சொன்னது. என்னைப் போன்ற பதிவேட்டுக்காரனுக்கு வாயூறுகிற ஏற்பாடு! ஆனால் அதை எந்த இணையத்தளமும் மென்பொருளால் வாசிக்கலாம் என்ற நிலை இருந்தது. அமெரிக்காவின் தனியுரிமை அமைப்புகள் சில நாட்களுக்குள்ளேயே புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தன. கணினிகளில் ஒட்டியிருக்கும் "இன்டெல் இன்சைட்" ஸ்டிக்கரைக் கேலி செய்து "பிக் பிரதர் இன்சைட்" என்று படம் போட்டார்கள். இலக்கத்தை அணைத்தே விற்போம் என்று இன்டெல் இறங்கிவந்தது. அணைத்ததை மென்பொருளால் திரும்ப எழுப்பலாம் என்று வேறொரு நிறுவனம் செய்து காட்டியது. 2000ஆம் ஆண்டில், அடுத்து வருகிற சில்லுகளில் அது இருக்காது என்று இன்டெலே கைவிட்டது.

அதே 1999 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. மெலிசா வைரஸ் மின்னஞ்சல்களில் பரவிய நாட்கள். வேர்ட் கோப்புகளுக்குள் ஒரு இலக்கம் ஒளிந்திருப்பதும், அந்த இலக்கத்துக்குள் கணினியின் நெட்வேர்க் அட்டைக்குரிய மக் முகவரி அடங்கியிருப்பதும் அப்போதுதான் ஊருக்குத் தெரியவந்தது. வைரஸ் எழுதியவனைத் தேடியவர்களுக்கு அது ஒரு தடயம். வேர்டில் ஒரு காதல் கடிதமோ துண்டுப்பிரசுரமோ அடித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கிய செய்தி. தாங்கள் கையெழுத்து வைக்காத தாளில் தங்கள் இயந்திரம் கையெழுத்து வைத்திருக்கிறதே!

அதற்குப் பிறகு வந்த கால் நூற்றாண்டைப் பார்த்தால், செயலிகளும் கடைகளும் வாசிக்கிற இலக்கங்களைக் கருவி செய்கிறவர்கள் ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். 2013இல் லண்டன் நகரில் தெருக் குப்பைத்தொட்டிகளில் கருவி பொருத்தி, நடந்து போகிறவர்களின் போன்களை மக் முகவரியால் எண்ணிய விளம்பரக் கம்பனி ஒன்றை நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. 2014இல் ஐபோன் வைஃபை தேடும்போது பொய் முகவரி காட்டத் தொடங்கியது. 2019இல் வந்த அன்ரொயிட் 10, சாதாரணச் செயலிகள் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை வாசிக்கிற வழியை மூடியது. வைஃபைக்கு வைஃபை வேறு மக் முகவரி கொடுக்கவும் தொடங்கியது. (மக் முகவரியைப் பதிந்து வைஃபை கொடுக்கிற போர்டிங் வீட்டுக்கார அம்மாமாருக்கு ஒரு சேதி: பிள்ளைகள் களவாக இணைகிறார்கள் என்று ஏசவேண்டாம். போனின் உண்மையான முகவரிக்குப் பதில் வேறொன்று ரவுட்டரில் தெரிவது இதனால்தான்.)

வலையமைப்புப் பக்கத்தில் நடந்தது நேரெதிர். போன் கோபுரத்தோடு இணையும்போது சிம் இலக்கத்தையும் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தையும் வலையமைப்பு கேட்டு வாங்குகிறது. சிம்மை எடுத்தபோது அடையாள அட்டை கொடுத்திருக்கிறோம். ஆக ஆள், சிம், போன் மூன்றும் அங்கே ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன. சிம்மைக் கழற்றி எறிந்தால் கயிறு அறுந்துவிடும் என்று இன்னமும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே போனில் புது சிம்மைப் போட்ட கையோடு முடிச்சுத் திரும்ப விழுந்துவிடும். களவெடுத்த போனை முடக்க இந்த முடிச்சுத்தான் உதவுகிறது. வேறு எதற்கும் அது உதவக்கூடும் என்பதைக் கொழும்புத் தமிழனுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்த மடலை எழுதவைத்தது உங்கள் கொப்பிதான்.

பல கடைகளில் மேசையோரமாக ஒரு சி.ஆர். கொப்பி விரித்தபடி கிடக்கும். திகதி, பெயர், போன் நம்பர், அடையாள அட்டை இலக்கம், ஐ.எம்.ஈ.ஐ., பழுது என்ன என்று பக்கம் முழுக்க நீலக் கோடு போட்டுப் பிரித்திருக்கும். திருத்தக் கொடுத்த போன்களின் முதுகில் ஒட்டித்தாள். அதில் ஒன்பது புள்ளி போட்டு, திரைப்பூட்டின் கோலத்தைக் கீறி, எங்கே தொடங்குவது என்று அம்புக்குறியும் போட்டிருக்கும். அடுத்த வாடிக்கையாளர் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கும்போது இவ்வளவும் அவர் கண்ணுக்கு முன்னால். ஒரு கடையில் எனக்குத் தந்த பில்லின் பின்பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் அடையாள அட்டைப் பிரதி இருந்தது. தாள் வீணாகக்கூடாது என்று மறுபக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். படமும் பெயரும் ஊர் முகவரியும் தெளிவாகத் தெரிந்தன. கடைக்காரரிடம் காட்டியபோது, "ஐயோ, அது பழசு அண்ணே" என்றார்.

அடையாள அட்டை இலக்கம் பழசாவதில்லையே. ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும் உள்ள பழைய இலக்கத்தில் முதலிரண்டு எண்ணும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து வருகிற 12 எண் இலக்கத்தில் வருடம் நான்கு எண்ணாக வருகிறது. ஆக உங்கள் கொப்பியைப் புரட்டுகிறவருக்கு, அந்த வரியில் உள்ளவர் ஆணா பெண்ணா, எத்தனை வயது, எந்த நாள் பிறந்தநாள் என்பது எல்லாம் தெரிந்துவிடும். அவர் பாவிக்கிற போன் என்ன மாதிரி என்பதை முதல் எட்டு எண்கள் சொல்லிவிடும். பூட்டைத் திறக்கிற கோலமும் பக்கத்திலேயே கிடக்கிறது.

"அதெல்லாம் டயலொக்கிடமும் மொபிடெல்லிடமும் இருக்கிறதுதானே, எங்கள் கொப்பியில் என்ன புதினம்?" என்று கேட்பீர்கள். அங்கே இருப்பதை எடுக்க யாராவது எழுத்தில் கேட்கவேண்டும், கேட்டதற்கு ஒரு பதிவு இருக்கும். உங்கள் கொப்பியைப் பார்க்க மேசையில் சாய்ந்தால் போதும். ரீ குடிக்கப் போன நேரத்தில் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்தால் போதும். சீருடையோடு வந்து "கொப்பியைத் தாங்கோ" என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கொடுத்துவிடுவீர்கள். உங்களில் நான் குறை காணவில்லை. நானும் கொடுத்துவிடுவேன்.

வயதில் மூத்தவர்களுக்கு யுத்த காலம் ஞாபகம் இருக்கும். வீட்டில் தங்கியிருப்போர் பட்டியலை நிரப்பிப் பொலிஸில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த வருடங்கள் அவை. ஊரிலிருந்து அக்காவின் மகன் வந்தால் சோறு போடுவதற்கு முன் பதிவுக்கு ஓடவேண்டும். லொட்ஜ்களில் தங்கியவர்களுக்குப் பதிவேடு வேறு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடிய முன், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் பொலிஸார் லொட்ஜ் கதவுகளைத் தட்டி, 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போக, மறுநாளே இடைக்காலத் தடை வந்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அதற்கு அடுத்த வருடம் செப்டெம்பரில், ஐந்து வருடங்களுக்குள் வடக்கிலிருந்து கொழும்பு வந்தவர்கள் எல்லாரும் திரும்பவும் பதியவேண்டும் என்று உத்தரவு.

போன் கடைக் கொப்பியையும் லொட்ஜ் பதிவேட்டையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. காலமும் வேறு, நோக்கமும் வேறு. ஒரு பட்டியல் எழுதப்படும்போது என்ன காரணம் சொல்கிறார்களோ, அந்தக் காரணம் பட்டியலோடு கடைசிவரை கூட வருவதில்லை என்பதை இந்த இரண்டு பகுதிகளிலும் வாழ்ந்தவர்கள் நேரிலேயே கண்டிருக்கிறார்கள். அதனால்தான் போனின் இலக்கத்தையும் ஆளின் இலக்கத்தையும் ஒரே வரியில் எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. சொன்ன நோக்கத்துக்கு வேண்டிய அளவு மட்டும் கேள், தேவை முடிந்தபின் வைத்திருக்காதே என்பதுதான் அதன் அடிப்படை. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய அதன் முக்கியப் பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. சட்டம் வந்து தட்டும்வரை காத்திருக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஒரு இடத்தில் உங்கள் பக்க நியாயத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் பாவித்த போனை விற்க வந்தால் அவருடைய அடையாள அட்டையைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. களவுப் பொருள் என்று பின்னால் வழக்கு வந்தால் மாட்டுவது நீங்கள். அந்தப் பதிவு தேவைதான். அதைத் தனிப் புத்தகத்தில் எழுதுங்கள், லாச்சியில் வைத்துப் பூட்டுங்கள், அந்தப் போன் கைமாறி நியாயமான காலம் கழிந்ததும் கிழித்து எரியுங்கள். விற்பதும் திருத்துவதும் வேறு. புதுப் போனைக் காசு கொடுத்து வாங்குகிறவரின் அடையாள அட்டை உங்களுக்கு எதற்கு? தவணை முறையில் கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் எதற்கு? திருத்தக் கொடுத்தவருக்கு ஒரு துண்டு கொடுத்து, அதே துண்டின் மறுபாதியைப் போனில் கட்டினால் போதுமே. நம் லோன்றிக்காரர் சட்டைக்கு அதைத்தானே செய்கிறார்! பூட்டின் கோலத்தை எழுதி வாங்காமல், பரிசோதிக்கிற நேரத்தில் அவரையே திறந்து தரச் சொல்லலாம். அவர் நிற்க முடியாவிட்டால், திருத்துகிற நாட்களுக்கு மட்டும் கோலத்தை மாற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம்.

திருத்துகிற தம்பிமாருக்குத் தனியாக ஒன்று. இலக்கம் எப்போதும் வாடிக்கையாளரைத்தான் கட்டிப்போடும் என்று நினைக்கவேண்டாம், உங்கள் கையையும் அது கட்டும். ஐபோன் திரைக்கும் பற்றரிக்கும் கமராவுக்கும் தனித்தனி இலக்கம் இருக்கிறது. மதர்போட் அந்த இலக்கங்களை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறது. நீங்கள் இன்னொரு நல்ல ஐபோனிலிருந்து கழற்றிய அசல் திரையைப் பூட்டினாலும், பல மாதிரிகளில் "தெரியாத பாகம்" என்று எழுதிக் காட்டும். சில வசதிகள் வேலை செய்யாமலும் போகும். வாடிக்கையாளர் அதைப் பார்த்துவிட்டு "டூப்ளிகேட் போட்டுட்டீங்கள்" என்று சத்தம் போடுவார். உங்களிடம் விளக்கம் இருக்கும், கேட்க அவரிடம் பொறுமை இருக்காது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2024இல் நிறைவேற்றிய திருத்தும் உரிமைச் சட்டத்தில், 2025இலிருந்து தயாரிக்கிற சாதனங்களில் இப்படிப் பாகங்களைப் பூட்டிவைப்பதற்குத் தடை போட்டது. அதே 2024இல் அப்பிளும், ஐபோன் 15இலிருந்து பாவித்த அசல் பாகங்களை ஏற்கிற வழியைத் திறப்பதாக அறிவித்தது. களவுப் போனைப் பிரித்துப் பாகமாக விற்பதை இந்த இலக்கங்கள் தடுக்கின்றன என்ற கம்பனிகளின் வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தெருவோரத் திருத்துநரின் வாயில் மண் போடுவதற்கும் அதே இலக்கம் பாவிக்கப்படுகிறது என்பதிலும் அதேயளவு உண்மை இருக்கிறது. உங்களுக்கென்று சங்கம் ஒன்று கூடினால் தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவிடமும் நுகர்வோர் அதிகாரசபையிடமும் எடுத்துச் சொல்லவேண்டிய விஷயம் இது. நானும் உங்களோடு கையெழுத்து வைப்பேன். அதுவரைக்கும், கழற்றிய பாகத்தின் இலக்கத்தையும் பூட்டிய பாகத்தின் இலக்கத்தையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். சத்தம் பாதியாகக் குறையும்.

புதுவருடத்தோடு கடைகளுக்குப் புது பில் புத்தகம் அடிக்கிற வழக்கம் இருக்கிறது. கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குப் பழைய புத்தகத்தைக் கொடுத்து, "இதைப் போலவே அடியுங்கோ" என்று சொல்லாமல், இந்தமுறை இரண்டு மாற்றம் கேளுங்கள். வாடிக்கையாளருக்குப் போகிற மேல் தாளில் 15 கட்டங்கள், இரண்டு சிம் போன்களுக்காக இன்னொரு 15. மடிக்கணினிக்குத் தொடரிலக்கம் என்று ஒரு வரி. கடையில் தங்குகிற காபன் பிரதியிலும் அவை விழட்டும், வொரன்ரிக்கு உங்களுக்கு அது வேண்டும். அடையாள அட்டை இலக்கம் என்ற நிரலை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். செலவு கூடாது. பழைய சி.ஆர். கொப்பிகள் லாச்சியிலும் தட்டிலும் எத்தனை கிடக்கின்றன என்று அன்றைக்கே ஒருமுறை பார்த்து, பழைய பேப்பர்காரரிடம் நிறுத்துப் போடாமல் எரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளுக்கு அடிக்கடி வருகிற வெள்ளவத்தைவாசி